அடி திறக்கிற பெட்டி

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விடுகிறவர்களில் ஒருவராவது பிள்ளையைப் பகல் முழுக்க வீட்டில் வைத்துப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஒன்றரை மாதம்! பிள்ளைகளுக்கு வெயில் தாங்காதாம். வீட்டுக்குள் மட்டும் என்ன பனியா கொட்டுகிறது? நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, அதற்கு மேல் தகரக் கூரை. காலை பதினோரு மணிக்கே சுவரில் முதுகு சாய்க்க முடியாது. குழாயைத் திறந்தால் முதல் அரை வாளி டீ போடுகிற சூட்டில் வரும்.

எதிர் வீட்டுக்காரிக்கு ஒரே பெண், பன்னிரண்டு வயது. ஆள் குச்சி, பேச்சு குத்தும். நான் துணி தைக்கிறவள், எனக்குத் தெரிந்த பெயர்தானே வாயில் வரும்? ஊசி என்று கூப்பிட்டேன். கட்டடமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவள் என்னைப் பெரியம்மா என்பாள்.

அவள் அம்மா அட்டைப்பெட்டி ஷெட்டில் வேலை பார்த்தாள். கேக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போகிற பெட்டிகள். இயந்திரத்தில் வெட்டுப்பட்டு வரும் அட்டையைக் கோட்டோடு மடித்து, பக்கவாட்டில் பசை தடவி, அடியில் இரண்டு மூலையில் பசை வைத்து அழுத்தி, தட்டையாக ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும். மடித்த கட்டுக்குத்தான் கூலி. அட்டை பறக்கும் என்று ஃபேன் போட விட மாட்டார்கள். வைகாசி வெயிலில் தகர ஷெட்டில் காற்றில்லாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறவளின் முகம், உப்பு பூத்த மண்சுவர் மாதிரி இருக்கும்.

அப்பாக்காரன் எங்கோ தூரத்தில் ரோடு போடுகிற கம்பெனியில் இருந்தான். வாரம் ஒரு தடவை போனில் குடும்பம் நடத்துவான். "பொண்ண நல்லா பாத்துக்கோ" என்பான். அதோடு அவன் பங்கு முடிந்தது.

பன்னிரண்டு ஒரு வேண்டாத வயது. பாலவாடிக்காரர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தனியே விடவும் முடியாது. போன வருஷம் அம்மாக்காரி வெளியே பூட்டிவிட்டுப் போனாள். ஊசி ஜன்னல் கம்பியில் காலை விட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரிக்காரன் ஒருவன் நின்று பேச ஆரம்பித்ததும் நான்தான் கத்தி விரட்டினேன். இந்த வருஷம் பூட்ட முடியாது என்று ஊசியே சொல்லிவிட்டாள். "பூட்டினா கதவ ஒடச்சிட்டு வெளிய வருவேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான்.

"அக்கா, பகல்ல மட்டும் உங்ககூட இருக்கட்டுமே" என்று அவள் அம்மா என்னிடம் கேட்டாள்.

நான் முடியாது என்றேன். என் முன்னறைதான் தையல் கடை. பெண்கள் வந்து அளவு கொடுப்பார்கள், போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு நடுவில் இவள் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, உங்களுக்கு இது பத்தாது" என்று சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது? இப்படித்தான் காரணம் சொன்னேன். நிஜக் காரணம், எனக்குப் பிள்ளை பார்க்கிற பொறுமை கிடையாது. வளர்த்து அனுப்பிய இரண்டே போதும் என்றிருந்தேன்.

அப்புறம் அவள் ஊரெல்லாம் விசாரித்தாள். நீச்சல் குளத்தில் கோடைப் பயிற்சி உண்டு, கட்டணத்தைச் சொன்னதும் அவள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். நூலகத்தில் பிள்ளைகள் பகுதிக்கு வெள்ளையடிக்கிறார்கள். வருஷம் பூராவும் காலியாகக் கிடந்த இடத்துக்குப் பிள்ளைகள் வரக்கூடிய ஒன்றரை மாதத்தில்தான் வெள்ளையடிக்க வேண்டுமாம். பூங்காவைப் பத்து மணிக்குப் பூட்டி நாலு மணிக்குத் திறப்பான் காவலாளி. புல் கருகிவிடுமாம். புல்லுக்கு இருக்கிற கவனிப்பு!

மாடி வீட்டம்மா, அதாவது எங்களுக்கு நேர் கீழே இருந்துகொண்டு சொந்த வீடு என்பதால் தன்னை மேலே நினைத்துக்கொள்பவள், இவளுடைய போனுக்கு ஒரு பட்டியல் அனுப்பினாள். 'செலவில்லாமல் கோடையைக் கொண்டாட இருபது வழிகள்.' அவளுடைய பையன் குதிரை ஏறக் கற்றுக்கொண்டிருந்தான். பட்டியல் எங்களுக்கு.

என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இவள் அதை வாசித்தாள்.

"குழந்தையோடு சேர்ந்து ரொட்டி சுடுங்கள். குழந்தையோடு சேர்ந்து மேகங்களைப் பார்த்துக் கதை சொல்லுங்கள். மாலையில் குழந்தையோடு..." நிறுத்திவிட்டாள். "அக்கா, இந்த இருபதும் நான் வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்தாத்தான் நடக்கும்."

"இருபத்தொண்ணாவதா அதையும் சேத்துக்கச் சொல்லு. வேலைய விடுங்க, செலவே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. விடுமுறை ஆரம்பிக்க நாலு நாள் இருந்தது.

அந்த நிலையில்தான் நான் அந்த நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தேன். நூல் வாங்கப் போன இடத்தில் கையில் திணித்தார்கள். 'இலவசக் கோடை முகாம். பத்து வயது முதல் பதின்மூன்று வரை. ஓவியம், பாட்டு, கைவினை. காலை ஒன்பது முதல் மாலை நாலு.' மூன்று தெரு தள்ளி இருந்த பொதுக்கூடத்தில் நடத்துகிறார்கள். ஓசியில் ஒருவன் உன் பிள்ளையை ஏழு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன் என்றால், ஏன் என்று கேட்க வேண்டுமா இல்லையா? ஒரு ரவிக்கைத் துணியை நாலு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிற எனக்கு அன்றைக்குப் புத்தி போகவில்லை. கேட்டவளிடம் முடியாது என்று சொன்ன உறுத்தல் தீர்ந்தால் போதும் என்று இருந்தது.

ஊசி முதல் நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போனாள். அன்று மாலை வந்தவள் வாய் மூடவில்லை.

"பெரிம்மா, ஓவியம் அரை மணி நேரந்தான். பாட்டும் அவ்ளோதான். அப்புறம் பூரா கைவினை. டீம் டீமா உக்காந்து செய்யணும். எங்க டீம்தான் ஃபர்ஸ்ட். ஜெயிச்சா நட்சத்திரம் ஒட்டுவாங்க, எலுமிச்சை ஜூஸ் குடுப்பாங்க."

"என்ன கைவினை?"

"அட்டையில செய்யறது. நாளைக்கு நான் டீம் லீடர்."

விரல் நுனியில் காய்ந்த பசையைத் தோல் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே பேசினாள். அவள் அம்மா அந்த விரல்களைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். பிள்ளை எங்கோ நாலு பேரோடு சிரித்துக்கொண்டிருக்கிறது, நிழலில் இருக்கிறது என்று அவளுக்கு அவ்வளவு நிம்மதி. காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, கூடத்து வாசலில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

இரண்டாவது வாரத்தில் ஷெட்டில் வேலை குறைந்தது. மதியச் சாப்பாட்டோடு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்றார்கள். "ஆர்டர் இல்ல" என்றானாம் சூப்பர்வைசர். பிள்ளையை ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டு இவள் பத்து மணிக்கு என் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் எனக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தாள், பொத்தான் கட்டினாள்.

"ஊசிய முகாம்லேர்ந்து நிறுத்திடேன். நீதான் வீட்டுல இருக்கியே" என்றேன்.

"எதுக்கு அக்கா? வீட்டுல இருந்தா என் மூஞ்சியத்தான் பாத்துட்டு உக்காரணும். அங்க நல்லா இருக்கா. வேல இல்லன்னு அவளுக்குச் சொல்லாதீங்க."

அவள் புருஷனுக்கும் சொல்லவில்லை. சொன்னால், "வேற எடம் பாரு" என்பான். அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டுமா?

சனிக்கிழமை மாலை ஊசி படியேறி நேராக என் வீட்டுக்குள் வந்தாள். அம்மா அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். "சீக்கிரம் விட்டுட்டாங்களா? நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் பாருங்க" என்று பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தாள். ஒன்று மடித்து ஒட்டியது, ஒன்று ஒட்டாதது.

"இது எனக்குப் பரிசு. நான் செஞ்சது, எடுத்துக்கோன்னு குடுத்தாங்க. இத எப்படிச் செய்யறேன் பாருங்க."

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒட்டாத அட்டையை மடியில் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் நாலு மடிப்பு. உள்ளங்கை விளிம்பால் ஒரு தேய்ப்பு. அடிப்பக்கத்து மூலைகளை இரண்டு கட்டைவிரல்களாலும் ஒரே சமயத்தில் உள்ளே தள்ளினாள்.

"பசை மட்டும் இருந்தா இதோட முடிஞ்சுது. என்ன யாரும் அடிச்சுக்க முடியாது."

நான் கை தட்டினேன். மடைச்சி. அவள் அம்மா தட்டவில்லை. கையில் இருந்த பொத்தானைக் கீழே வைத்துவிட்டு, அந்த அட்டையை வாங்கித் திருப்பினாள். விளிம்பில் ஒரு இடத்தில் விரலை ஓட்டினாள். அங்கே அரை நிலா மாதிரி ஒரு சின்னப் பிசிறு.

"இந்த எடத்துல வெட்டற பிளேடு ஒடஞ்சிருக்கு" என்றாள். "நாலு வருஷமா மாத்தச் சொல்லிட்டிருக்கோம்."

"யாரும்மா?"

"இது எங்க பெட்டி."

ஊசிக்குப் புரியவில்லை. "இல்லம்மா, இது முகாம் பெட்டி. சார் கொண்டுவந்து குடுக்கறாரு."

"ஒரு நாளைக்கு எத்தன செய்வீங்க?"

"எங்க டீம் மட்டும் இருபது கட்டு. நாப்பது பேர் இருக்கோம்மா, அஞ்சு டீம். சாயங்காலம் வேன் வந்து எடுத்துட்டுப் போகும். வேன்ல ஏத்தறதும் நாங்கதான், அதுக்குத் தனி நட்சத்திரம்."

எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என் வாழ்நாளில் தைத்த அத்தனை துணியையும் கொண்டு முகத்தை மூடிக்கொண்டிருக்கலாம்.

"திங்கக்கிழம நீ போக வேணாம்" என்றாள்.

"ஏன்? திங்கக்கிழமதான் எனக்கு சர்டிஃபிகேட்! மைக்குல பேர் சொல்லுவாங்க!"

"போக வேணாம்னா வேணாம்."

"உனக்கு நான் நல்லா இருந்தாலே புடிக்காது. பூட்டி வெக்கத்தான் தெரியும்!"

கதவு அறைந்த சத்தத்தில் என் ஊசி டப்பா கவிழ்ந்தது.

திங்கட்கிழமை காலை மூன்று பேருமாகப் போனோம். ஊசி விட்டால்தானே. அம்மாவுக்குப் பத்தடி முன்னால், சம்பந்தமில்லாதவள் போல நடந்தாள்.

கூடத்து வாசலில் பூ வரைந்த துணிப் பதாகை. 'எங்கள் கைகள், எங்கள் எதிர்காலம்.' இதை எழுதியவனுக்கு நடு முதுகில் ஒன்று வைக்க வேண்டும். உள்ளே பாயில் வரிசையாகப் பிள்ளைகள், நடுவில் பசை வாளிகள். உச்சியில் ஆறு ஃபேன். ஒன்றும் ஓடவில்லை. அண்ணாந்து அதைப் பார்த்ததும் எதிர் வீட்டுக்காரிக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

முகாம் சார் கழுத்தில் விசில் தொங்க வந்தார். பிள்ளைகள் பக்கம் போகும்போது ஒரு சிரிப்பு, எங்கள் பக்கம் திரும்பும்போது வேறு சிரிப்பு வைத்திருந்தார்.

"வாங்கம்மா. உங்க பொண்ணு பிரமாதம். தலைமைப் பண்பு இருக்கு."

"சார், இது எங்க ஷெட்டு வேல" என்றாள் அவள்.

"வேலன்னு சொல்லாதீங்க. கைத்திறன் பயிற்சி. பொறுமை வருது, குழுவா செயல்படறது வருது. அட்ட பூரா கம்பெனி நன்கொடையா தர்றாங்க."

"மடிச்ச பெட்டிய?"

"அத அவங்களே எடுத்துக்கறாங்க. வெச்சிருந்து நாம என்ன பண்ணப் போறோம்?"

"இத மடிச்சா எங்களுக்குக் கூலி சார். ரெண்டு வாரமா எங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள விஷயம். நான் பிள்ளைங்களுக்கு ஜூஸ் குடுக்கறேன்" என்றார் அவர், ஏதோ தாய்ப்பால் கொடுக்கிற மாதிரி.

எனக்கு வாய் நமநமத்தது. "பன்னெண்டு வயசுப் பிள்ளைங்கள வெச்சு வேல வாங்கறீங்கன்னு நான் போய்ச் சொல்லுவேன்" என்றேன்.

"தாராளமா சொல்லுங்க. முகாமத் தொறந்து வெச்சதே வார்டு உறுப்பினர்தான். அவர்கிட்டயே சொல்லுங்க. மனுவா குடுத்தா ஸ்டாம்பு ஒட்ட வேண்டாம்."

விசிலை ஊதினார். பிள்ளைகள் சனிக்கிழமை மடித்து வைத்திருந்த கட்டுகளை வாசலுக்குத் தூக்கிவர ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை வராத வேன் அன்று காலையிலேயே வந்துவிட்டது. அதிலிருந்து இறங்கியவன் ஷெட்டு சூப்பர்வைசர். இவளைப் பார்த்ததும் கொஞ்சமாவது தடுமாறுவான் என்று நினைத்தேன். அவனுக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது.

"நீ எங்க இங்க? ஓ, உன் பொண்ணும் இங்கதான் வருதா?"

"ஆர்டர் இல்லன்னு சொன்னீங்க."

"ஷெட்டுக்கு ஆர்டர் இல்ல. இது தனி." வேன் கதவைத் திறந்துகொண்டே சொன்னான். "எது உன் பொண்ணு?"

முகாம் சார் முந்திக்கொண்டார். "அதோ நிக்குதே. சாம்பியன்."

சூப்பர்வைசர் ஊசியைத் தலை முதல் கால் வரை பார்த்தான். என்னிடம் துணி கொண்டுவந்து பேரம் பேசுகிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்.

"இதுவா? இதோட கட்டுதான் கோணல் இல்லாம வருது. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. லீவு முடியிற வரைக்கும் ஷெட்டுக்கே கூட்டிட்டு வா. உன் பக்கத்துல உக்காரட்டும். உன் கண்ணு முன்னாடியே இருக்கும், உனக்கும் நிம்மதி. உனக்கு முழு நாள் வேல தர்றேன். பொண்ணு மடிக்கிறதையும் உன் கணக்குலயே போட்டுக்கலாம். என்ன சொல்ற?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை நான் அருகில் நின்று பார்த்தேன். அவள் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் ஓடியிருக்கும். பிள்ளை எங்கே என்ற கவலை தீர்ந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. ஒரு சனியனின் வாயிலிருந்து எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரே பதில் வந்து விழுந்திருக்கிறது. அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு வேனைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், ஓடாத ஃபேனைப் பார்த்தாள். ஒரு பையன் ஒரு கட்டைத் தூக்கிவந்து வேனில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துவந்து வைக்கிற வரைக்கும் அவள் பேசவில்லை.

பிறகு குனிந்து, "அவ கட்டு எது?" என்று கேட்டாள்.

ஊசி தன் கட்டைக் காட்டினாள். முகத்தில் பெருமை மறுபடி எட்டிப் பார்த்தது. அம்மா அதிலிருந்து ஒரு பெட்டியை உருவினாள். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று அதை விரித்தாள். திரும்பவும் எங்கள் பக்கம் வந்து, வாசலில் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கினாள்.

அடி திறந்துகொண்டது. செங்கல் சூப்பர்வைசரின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"சாம்பியன் மடிச்சதே இந்த லட்சணம்" என்றாள். "மூலையில பசை புடிக்கல. பிள்ளைங்களுக்கு அழுத்தத் தெரியாது. இதுல கேக்கு வெச்சு ஒருத்தர் தூக்கினா நடு ரோட்டுல விழும். கேக்குக் கடைக்கு எத்தன கட்டு போயிருக்கு?"

சூப்பர்வைசர் முகம் அப்போதுதான் மாறியது. பிள்ளைகளின் வியர்வைக்கு மாறாத முகம்.

"என்னய்யா இது?" என்று முகாம் சார் மேல் பாய்ந்தான்.

"நான் என்ன கண்டேன்? பொறுமையா ஒட்டச் சொல்லித்தான்..." என்று முகாம் சார் பின்வாங்கினார்.

"ஏத்தினத எல்லாம் எறக்கு!"

ஊசி அடி பிளந்து கிடந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். ஒருவன் "சாம்பியனாம்" என்றான், இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. யாருக்கும் கடன் வைக்காத வாய் அது. சர்டிஃபிகேட்டும் வாங்காமல் எங்களுக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளே ஷெட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். முகாம் மடித்ததையெல்லாம் பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்ட வேண்டுமாம், எல்லாப் பெண்களும் முழு நாள் வர வேண்டுமாம். முகாமில் கைவினை நின்றது. கைவினை நின்றதும் ஜூஸ் நின்றது. ஜூஸ் நின்றதும் முகாம் சாருக்கு வேறு பொதுச் சேவை வந்துவிட்டது போலிருக்கிறது, கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

ஊசியை நானே என் வீட்டுக்கு வரச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அவள் அம்மா அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, அவ ஒட்டினது சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் திரும்பி நின்னு நகத்தால மூலையப் பிரிச்சு விட்டேன். என்னவிட நல்லா அழுத்தியிருந்தா. பிரியவே மாட்டேன்னுது."

"அவகிட்ட சொல்லு. பிள்ள மூணு வேளையும் சரியா சாப்பிடல."

"சொல்ல மாட்டேன். அவ மடிச்சதுதான் ஒசத்தின்னு நான் சொன்னா, அதுலயே பெருமப்பட்டு நிப்பா. அந்தக் கைக்கு அந்தப் பெரும வேணாம். எம்மேல கோவமா இருந்தா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஊசி இரண்டு நாள் என் வீட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வெயில் தாங்காமல் நான் ஈரத் துணியை ஜன்னலில் கட்டிக்கொண்டிருந்தபோது, தானாகவே பேசினாள்.

"பெரிம்மா, என் பெட்டி தொறக்காது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாங்க தெனமும் தண்ணி பாட்டில ரொப்பி உள்ள வெச்சுப் பாப்போம். என்னோடது ஒரு தடவ கூடத் தொறந்ததில்ல. அம்மா திரும்பி நின்னு ஏதோ பண்ணினாங்க. அவங்க முழங்கை அசஞ்சத நான் பாத்தேன்."

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே. சிரிச்சானுங்களே, அவனுங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே."

அவள் நான் கத்தரித்துப் போட்ட துணித் துண்டுகளைப் பொறுக்கி மடியில் குவித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"சொன்னா அந்த ஆளு என்னைய ஷெட்டுக்குக் கூப்பிடுவான்ல. அவன் கேட்டப்ப அம்மா எவ்ளோ நேரம் பேசாம நின்னாங்க தெரியுமா? இன்னொரு தடவ கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாங்க."

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டா" என்றேன்.

"நீங்களும் பாத்தீங்க" என்றாள் ஊசி.

நான் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். துணியிலிருந்து தண்ணீர் என் கை வழியாக முழங்கைக்கு ஓடியது. அது நான் நினைத்த அளவு குளிர்ச்சியாக இல்லை.